பள்ளியில் கழிப்பறை இருக்கிறது, சரி, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா?

தொடக்கப் பள்ளிகளில் சுகாதார மதிப்பீட்டுக்குப் போகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு படிவம் இருக்கும். குடிநீர் உண்டா, கழிப்பறை உண்டா, விளையாட இடம் உண்டா, முதலுதவிப் பெட்டி உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். தலைமை ஆசிரியர் பத்தே நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கொடுத்துவிடுவார். அதில் பொய்யும் இல்லை, கேட்ட பொருளெல்லாம் பள்ளியில் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் படிவத்தை எத்தனை தடவை புரட்டினாலும் அங்கே படிக்கிற ஏழு வயதுப் பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் தெரியாது.

கழிப்பறையையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டத்தில், பள்ளிக் கழிப்பறையை 'பயன்படுத்தத் தக்கது' என்று கணக்கில் சேர்க்க வேண்டுமானால் அது பூட்டிக் கிடக்கக் கூடாது, உடைந்தோ அடைத்தோ இருக்கக் கூடாது, பிள்ளை உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ள முடிய வேண்டும். கைகழுவும் இடமும் அப்படித்தான், ஆய்வுக்குப் போன அந்த நேரத்தில் தண்ணீரும் சோப்பும் அங்கே இருந்தால்தான் கணக்கு. (சோப்பு பத்திரமாக அலுவலக பீரோவுக்குள் இருக்கும், கேட்டால் உடனே எடுத்தும் காட்டுவார்கள். இதை 'இருக்கிறது' என்று எழுதுவதா?)

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்கலாம். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குக் கூச்சப்படுகிற பிள்ளை போகாது. காலையில் வீட்டில் போனதோடு சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டிருக்கும், அடக்க முடியாதே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும், அப்புறம் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைவலி, பாடத்தில் கவனமின்மை என்று ஒவ்வொன்றாக வரும். பெற்றோர் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள், மருந்தும் வாங்குவார்கள், பள்ளிக் கதவைப் பற்றி யாருக்கும் தோன்றாது. ஒரு வகுப்பில் எத்தனை தண்ணீர் பாட்டில்கள் மதியத்துக்கு மேலும் நிரம்பியே இருக்கின்றன என்று பாருங்கள், கழிப்பறையைப் பற்றிப் படிவம் சொல்லாததை அவை சொல்லிவிடும்.

கட்டடத்தையாவது கண்ணால் பார்த்துவிடலாம். மனசைப் பார்ப்பதுதான் கஷ்டம். 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனெஸ்கோவும் சேர்ந்து, பள்ளி என்பது ஆரோக்கியத்தை வளர்க்கும் இடமாக இருக்க எட்டுத் தரநிலைகளை வெளியிட்டன. கொள்கை, நிர்வாகம், பாடத்திட்டம், ஊரோடு உறவு, சுகாதாரச் சேவை இவற்றோடு பள்ளியின் சமூக, உணர்வுச் சூழலும் அதில் ஒரு தனித் தரநிலை. மதிப்பீட்டில் அடிக்கடி நழுவிப்போவது இதுதான். காரணம், இதைச் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள், அவர்களை யாரும் கேட்பதில்லை. பல நாடுகளில் மாணவர்களிடமே கேட்டு நடத்தும் ஆய்வுகளில் ஒன்று 13 முதல் 17 வயதினருக்கு, இன்னொன்று 11, 13, 15 வயதினருக்கு. கிட்ஸ்கிரீன் என்ற வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள்கூட 8 வயதில்தான் தொடங்குகிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இவை எதிலுமே வருவதில்லை.

சின்னப் பிள்ளைகளிடம் சிரித்த முகம், அழுத முகம் படங்களைக் கொடுத்து வட்டமிடச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. ஆசிரியர் அறைக்குள் நிற்கும்போது செய்தால் எல்லாம் சிரித்த முகமாகத்தான் வரும், அது ஆசிரியரின் முகத்தைப் பார்த்துப் போட்ட வட்டம். அதைவிட, 'எங்களுக்கு உங்க பள்ளிக்கூடத்தைச் சுத்திக் காட்டுறீங்களா?' என்று கேட்டுப் பிள்ளைகளை முன்னே நடக்க விடுவதில்தான் எனக்கு நம்பிக்கை. எந்த மூலைக்குக் கூட்டிப் போகாமல் திரும்புகிறார்கள், எந்த இடத்தில் பேச்சு குறைகிறது என்று கூடவே நடந்தால் தெரிந்துவிடும். கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும். 'சந்தோஷமா இருக்கியா?' என்றால் 'ம்' என்பார்கள். 'நேத்து இடைவேளையில யாரோட விளையாடினே?' என்றால் ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் நிற்கும், அந்த மௌனத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டுப் பீரியடும் இப்படித்தான். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கால அட்டவணையில் பீரியட் இருக்கும். திடலில் போய்ப் பார்த்தால் ஒரு பந்து, இரண்டு பேர் ஆட, மீதிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நாலைந்து பிள்ளைகளைத் தேர்ந்து, அவர்கள் உண்மையில் எத்தனை நிமிடம் ஓடினார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தாலே போதும், கருவி எதுவும் தேவையில்லை.

எடையும் உயரமும் அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கவனிப்பு தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்க அது அவசியம். அதையே பள்ளிக்கு மார்க் போடப் பயன்படுத்துவது அநியாயம், வீட்டு வறுமைக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்குவது போலாகிவிடும்.

பள்ளிகளைத் தரவரிசைப் படுத்துவதையும் நான் ஏற்பதில்லை. வரிசை வெளியாகும் என்று தெரிந்த நாளிலிருந்து தலைமை ஆசிரியர் குறையைச் சொல்ல மாட்டார், கேலி, அடிதடி எதுவும் பதிவேட்டில் ஏறாது. அதே பள்ளியைப் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வணக்கக் கூட்ட நேரத்துக்குப் போகாமல் சாதாரண நாளில், இடைவேளையில் போய் நில்லுங்கள். பார்த்ததை அந்த மாதமே ஆசிரியர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள், அப்படியே அவர்களுக்கு மதியம் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள், அந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.