18 வயதுக்கு முன் பெற்றோரைப் பிரிந்து வாழச் சட்டத்தில் வழி உண்டா?

குடும்ப நல வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், 16, 17 வயதுப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: பெற்றோரின் அதிகாரத்திலிருந்து விடுபட்டுத் தனியே வாழ நீதிமன்றத்தில் மனு போட முடியுமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், 14 வயது நிரம்பிய ஒருவர், பெற்றோரின் சம்மதத்தோடோ அவர்கள் தடுக்காத நிலையிலோ தனியே வசித்து, நேர்மையான வருமானத்தில் தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொண்டால், நீதிமன்றம் அவரை விடுவித்து ஆணையிடலாம். பிரான்சில் 16 வயதுக்குப் பின் பெற்றோரின் வேண்டுகோளின் பேரில் நீதிபதி அவ்வாறு செய்யலாம். இந்தியச் சட்டத்தில் இப்படியொரு மனுவே கிடையாது. 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறையும் வரை ஒருவர் மைனர்தான்; அவர் எவ்வளவு சம்பாதித்தாலும், எங்கே வசித்தாலும், எந்த நீதிமன்றமும் அந்த நாளை முன்கூட்டியே கொண்டுவந்து தர முடியாது.

இது தெரியாமல் பல குடும்பங்கள் தவறான வழியில் இறங்கிவிடுகின்றன. "இவனுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, நாளிதழில் அறிவிப்பும் கொடுத்துவிட்டால் உறவு முறிந்துவிட்டது என்று பெற்றோர் நம்புகிறார்கள். மைனர் பிள்ளையைப் பொறுத்தவரை அந்தத் தாளால் எதுவும் மாறுவதில்லை. பிள்ளையைப் பராமரிக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது. இதைவிட ஆபத்தானது, வீட்டிலிருந்து தப்பிக்கத் திருமணம்தான் வழி என்று ஒரு பெண் குழந்தை முடிவு செய்வது. திருமணம் யாரையும் மேஜர் ஆக்குவதில்லை. அந்த ஆணின் மீது போக்சோ வழக்கும் குழந்தைத் திருமணத் தடைச் சட்ட வழக்கும் பாயும். ஏற்கெனவே அப்படித் திருமணம் நடந்துவிட்டிருந்தால், அதை ரத்து செய்யக் கோரும் உரிமை அந்தக் குழந்தைக்கு உண்டு என்பதையும், 18 வயது நிறைந்த பிறகும் 2 ஆண்டுகள் வரை அந்த மனுவைத் தாக்கல் செய்யலாம் என்பதையும் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அப்படியானால் அடி, பட்டினி, பாலியல் தொல்லை, கட்டாய வேலை என்று வீடே தாங்க முடியாததாகிவிட்ட பிள்ளை என்ன செய்வது? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அந்தப் பிள்ளையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகக் கருதுகிறது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழுவின் முன் அந்தப் பிள்ளை தானாகவே சென்று நிற்கலாம். பெற்றோரின் அனுமதியோ வழக்கறிஞரோ தேவையில்லை. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் மிக மதிப்புள்ள வரி இதுதான், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை என்பது என் வருத்தம். நேரில் போக முடியாதவர்கள் 1098 என்ற எண்ணை அழைக்கலாம். குழு விசாரணை நடத்தி, முதன்முதலில் முன்னிலைப்படுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும். முதிர்ச்சியுள்ள பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தகுதியான வேறொருவரிடம் ஒப்படைப்பது, வளர்ப்புக் குடும்பத்தில் சேர்ப்பது, குழந்தைகள் இல்லத்தில் தங்கவைப்பது, கண்காணிப்போடு பெற்றோரிடமே திருப்பி அனுப்புவது ஆகிய எதுவும் அந்த ஆணையாக இருக்கலாம். வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சும் பிள்ளைகள், காயங்களின் மருத்துவச் சீட்டு, நம்பிக்கையான ஆசிரியர் அல்லது உறவினரின் வாக்குமூலம் போன்றவற்றைக் குழுவின் முன் வைப்பது மிகவும் உதவும். வயதை நிறுவப் பள்ளிச் சான்றிதழே முதலில் ஏற்கப்படும் என்பதால், அதன் நகல் ஒன்றை வெளியே பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

பாட்டி, மாமா, அத்தை என்று பிள்ளையை ஏற்க முன்வரும் ஒருவர் இருந்தால், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் தம்மைக் காப்பாளராக நியமிக்கும்படி அவர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். தாயோ தந்தையோ உயிரோடு இருக்கையில், அவர்கள் அந்தப் பொறுப்புக்குத் தகுதியற்றவர்கள் என்று நிறுவ வேண்டியிருப்பதால், இது எளிதில் முடியும் வழக்கு அன்று. ஆயினும் அறிவோடு விருப்பத்தைச் சொல்லும் வயதுடைய பிள்ளையின் கருத்தை நீதிபதி கருதலாம் என்று சட்டமே சொல்வதால், 16 வயதுப் பிள்ளை நீதிபதியின் அறையில் தெளிவாகப் பேசுவது வழக்கின் போக்கையே மாற்றக்கூடும்.

பிரிந்து வாழும் பிள்ளையின் செலவுக்கு என்ன வழி என்பது அடுத்த கேள்வி. வசதியிருந்தும் பராமரிக்க மறுக்கும் தந்தையிடமிருந்து, எந்த மதத்தினரானாலும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம். 2024 ஜூலைக்கு முன் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 125ஆம் பிரிவாக இருந்தது. மைனர் தன் பெயரில் தனியே வழக்குத் தொடுக்க முடியாது என்பதால், வயது வந்த ஒருவர் அவர் சார்பில் மனுவில் நிற்க வேண்டும்.

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் அரசின் பொறுப்பு அற்றுப்போவதில்லை. படிப்பை முடிக்கவோ வேலையில் அமரவோ பொதுவாக 21 வயது வரை பிற்காப்பு உதவி பெறலாம். தன் பெயரிலிருந்த நிலத்தையோ வீட்டையோ காப்பாளர் நீதிமன்ற அனுமதியின்றி விற்றிருப்பது அப்போது தெரியவந்தால், 18 வயது நிறைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குத் தொடர வேண்டும்.