சார்ட் வரைவதற்கு முன் பல்பை எரியவைத்துப் பாருங்கள்

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிட்டு வந்தவர்கள். பிளஸ் டூவில் வணிகவியலோ வரலாறோ தொழிற்பிரிவோ படித்திருப்பார்கள். இரண்டு வருடப் பயிற்சி முடிந்து ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை கிடைத்தால், தமிழும் ஆங்கிலமும் கணக்கும் எடுக்கிற அதே ஆசிரியர்தான் அறிவியலும் எடுத்தாக வேண்டும். ஈராசிரியர் பள்ளி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் அறிவியல் கற்பித்தல் பாடம் எடுப்பவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு புது பேட்ச் வரும்போதும் முதல் வாரத்திலேயே சிலர் வந்து சொல்லிவிடுவார்கள்: "மேம், எனக்கு சயின்ஸ் சுத்தமா வராது." இவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. இரண்டு மாதத்தில் தேறிவிடுவார்கள். "ஆவியாதல் என்றால் என்ன?" என்று கேட்டதும் மூச்சுவிடாமல் வரையறையை ஒப்பிக்கிறவர்களை நினைத்துத்தான் கவலை. அந்த வரையறையை அப்படியே ஒன்பது வயதுக் குழந்தையின் வாயில் திணித்தால் பாடம் முடிந்தது என்று அவர்கள் நம்பிக்கொண்டு வருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு நடந்ததும் அதுதானே.

அதனால் பாடக்குறிப்பு எழுதுவது எப்படி என்று ஆரம்பிக்காமல், ஒரு டார்ச் செல், டார்ச்சில் போடும் ஒரு குட்டிக் குண்டு பல்பு, ஒரே ஒரு துண்டு வயர், இந்த மூன்றையும் கையில் கொடுத்துவிடுவேன். பல்ப் எரிய வேண்டும். வேறு எதையும் தொடக்கூடாது. செய்வதற்கு முன் எப்படி இணைக்கப்போகிறீர்கள் என்று நோட்டில் படம் வரைந்துவிட வேண்டும்.

படங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். செல்லின் மேல்முனையில் வயரை வைத்து, மறுமுனையை பல்பின் அடியில் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர்க் குழாயைப் போல ஒரு வழியாக மின்சாரம் போய்ச் சேர்ந்தால் போதும் என்பது உள்ளே இருக்கும் எண்ணம். இயற்பியல் படித்தவர்கள் குறியீடுகளோடு அழகாக மின்சுற்று வரைவார்கள். ஆனால் கையில் நிஜ பல்ப் வந்ததும் அவர்களும் திணறுவார்கள். காரணம் எளிது. புத்தகப் படத்தில் பல்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு கோடுகள் தெளிவாக நீட்டிக்கொண்டிருக்கும். நிஜ பல்பில் ஒரு முனை அடியிலுள்ள ஈயப் பொட்டு, இன்னொரு முனை பக்கவாட்டில் இருக்கும் உலோக உறை. அதை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. பல்பின் பொட்டை செல்லின் தலையில் உட்காரவைத்து, வயரின் ஒரு முனையை செல்லின் அடியிலும் மறுமுனையை உலோக உறையிலும் தொட்டால் பல்ப் எரியும். ஒரே செல் என்பதால் மங்கலாகத்தான் எரியும். அந்த மங்கலான வெளிச்சத்துக்கு வகுப்பே கத்தும் பாருங்கள், அப்புறம் மின்சுற்று பற்றி நான் விளக்க வேண்டிய அவசியம் பெரிதாக இருக்காது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கடைகளில் இப்போது குண்டு பல்ப் அரிது. டார்ச் எல்லாம் எல்.இ.டி.க்கு மாறிவிட்டன. வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். அதனால் 1.5 வோல்ட் செல் இரண்டை வரிசையாக இணைக்க வேண்டும், நீளமான கால் நேர்முனைப் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் எரியாது. வசதியாக இருக்கிறதே என்று பட்டன் செல்லைச் சின்னக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சுவரில் இருக்கும் பிளக்கையும் நம் செல்லையும் குழப்பிக்கொள்ளக்கூடாது என்று சோதனையைத் தொடங்கும் முன்பே குழந்தைகளிடம் அழுத்திச் சொல்லிவிட வேண்டும்.

கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போகும் நாள் நெருங்கினால் ஸ்டேஷனரி கடையில் கூட்டம் கூடும். சார்ட், ஸ்கெட்ச் பேனா, தெர்மாகோல், ஜிகினா. ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் செம்பருத்திப் பூவின் பாகங்களைச் சார்ட்டில் வரைந்துகொண்டு போவார்கள். அந்தப் பள்ளியின் வேலியிலேயே செம்பருத்தி பூத்திருக்கும். இதற்குப் பயிற்சி மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பார்வையிட வரும் எங்களைப் போன்றவர்கள் துணைக்கருவி எங்கே என்றுதான் முதலில் கேட்கிறோம், அதன் பளபளப்பைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடும் வழக்கமும் இருக்கிறது. ஆளுக்கொரு பூவைக் கொடுத்து, இதழை ஒவ்வொன்றாகப் பிய்த்து, நடுவிலிருக்கும் குழாயை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் ஒட்டும் மகரந்தத்தைக் காட்ட ஒரு குழந்தை உங்களிடம் ஓடிவரும். சார்ட்டைப் பார்த்து எந்தக் குழந்தையும் அப்படி ஓடிவந்து நான் பார்த்ததில்லை.

சரி, கையில் பொருளைக் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. அடுத்ததுதான் கடினம்: குழந்தை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது.

நான்காம் வகுப்பில் ஒரு பயிற்சி மாணவி ஆவியாதல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு, காய்ந்ததும் "தண்ணீர் எங்கே போச்சு?" என்று கேட்டார். முன்வரிசையில் ஒரு பையன் சட்டென்று, "தரை குடிச்சிருச்சு டீச்சர்" என்றான். பாடக்குறிப்பில் எழுதியிருந்த எதிர்பார்ப்பு விடை "ஆவியாகிவிட்டது". இந்த இடத்தில் பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது தெரிந்ததுதான். "தப்பு, உட்காரு. வேற யாரு சொல்றீங்க?" டியூஷனில் படித்த ஏதோ ஒரு குழந்தை சரியான சொல்லைச் சொல்லிவிடும், எல்லோரும் கைதட்டுவார்கள், பாடம் நகர்ந்துவிடும். தரை குடித்தது என்ற எண்ணம் அந்தப் பையனின் மனதில் அப்படியே இருக்கும்.

அந்த மாணவி அப்படிச் செய்யவில்லை. ஒரு நொடி யோசித்தார். "அப்படியா? அப்ப தரையில ஊத்தாம சாப்பாட்டுத் தட்டுல ஊத்தினா என்ன ஆகும்? தட்டு குடிக்குமா?" என்று கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எவர்சில்வர் தட்டு தண்ணீரைக் குடிக்காது, அதனால் காயாது என்று ஒரு கட்சி. இல்லை, அம்மா கழுவிக் கவிழ்க்கும் தட்டு காயத்தானே செய்கிறது என்று இன்னொரு கட்சி. இரண்டு தட்டுகளில் ஒவ்வொரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை வகுப்பு மூலையிலும் வைத்தார்கள். மதிய உணவு முடிந்து வந்தபோது வெயில் தட்டு காய்ந்திருந்தது, மூலைத் தட்டில் தண்ணீர் கிடந்தது. தரை குடித்தது என்று சொன்ன அதே பையன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெயில்தான் எடுத்துக்கிச்சு" என்றான். அதுவும் முழு விடை ஆகாது, நிழலில்கூடத் தண்ணீர் காயும். ஆனால் அவன் தன் முதல் விடையைத் தானே கழற்றி வைத்துவிட்டான். மூலைத் தட்டை மறுநாள் காலை பார்த்தால் அடுத்த படி அவனுக்கே தெரிந்துவிடும்.

தவறான விடைக்குள் பெரும்பாலும் ஒரு சோதனை ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுக்கிற திறமைதான் தொடக்கநிலை அறிவியல் ஆசிரியருக்கு முதல் தேவை என்று நான் நினைக்கிறேன். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகளில் 30 சூழ்நிலையியலுக்கு. எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. "தரை குடிச்சிருச்சு" என்று ஒரு குழந்தை சொன்னால் அடுத்து என்ன கேட்பாய் என்பதை அங்கே அளக்க வழியே இல்லை. தேர்வுக்குப் படியுங்கள், வேலைக்கு அது தேவை. ஆனால் அந்தத் தயாரிப்பே அறிவியல் கற்பித்தலுக்கான தயாரிப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

பிழையான முடிவுக்கு வருவது குழந்தைகளுக்கு மட்டும் உரியதும் இல்லை. ஒரு பெரிய வேப்பமரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று பயிற்சி மாணவர்களைக் கேட்டால் பலரும் "மண்ணிலிருந்து" என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜிய நாட்டு அறிஞர் வில்லோ என்ற மரத்தின் கன்று ஒன்றைத் தொட்டியில் நட்டு 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். 2 கிலோ சொச்சம் இருந்த கன்று 76 கிலோவைத் தாண்டியது. தொட்டி மண்ணோ சுமார் 57 கிராம்தான் குறைந்திருந்தது. மண் இல்லை என்று காட்டிவிட்ட அவர், அப்படியானால் எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவுகட்டினார். மரத்தின் எடையில் பெரும்பங்கைத் தரும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கில் வரவில்லை. எவ்வளவு நேர்மையான சோதனை, எவ்வளவு நியாயமான தவறு! இந்தக் கதையைக் கேட்ட பிறகு என் மாணவர்கள் குழந்தைகளின் விடைகளைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கத் தொடங்குகிறார்கள்.

பயிற்சி நிறுவனங்களில் தலைமுறை தலைமுறையாகத் தவறாகவே சொல்லிக்கொடுக்கப்படும் சோதனைகளும் உண்டு. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனை அதில் முதன்மையானது. சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். உடனே விளக்கம்: "ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அது இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பது இப்படித்தான் நிரூபணம்." கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் கண்ணை எடுக்காமல் பாருங்கள். ஆக்சிஜன் தீரத் தீரத் தண்ணீர் ஏறுவதாக இருந்தால், சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வர வேண்டும். அப்படி நடக்காது. பெரும்பகுதித் தண்ணீர் சுடர் அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பின் ஓரமாகச் சில குமிழிகள் வெளியேறுவதைக்கூடச் சில சமயம் பார்க்கலாம். சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. அதே டம்ளருக்குள் ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்றை வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளரில் இருந்த ஆக்சிஜன் அதே அளவுதானே? தவிர, ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடும். இதையெல்லாம் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இன்னும் இரண்டு மெழுகுவத்தியும், புத்தகம் சொன்னதை ஒரு நிமிடம் தள்ளிவைத்துவிட்டுத் தட்டைப் பார்க்கும் பொறுமையும் போதும். தொடக்கப் பள்ளியில் இதைச் செய்யும்போது தீயைக் கையாள்வது ஆசிரியராகவே இருக்கட்டும். தலைமுடி, துப்பட்டா கவனம்.

ஆசிரியர்கள் முதலில் தாங்களே செய்து பார்க்க வேண்டும் என்பது நம் நாட்டில் முயன்று பார்த்த வழிதான். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், குழந்தைகள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர்கள் பயிற்சி முகாமில் தங்கள் கையால் செய்து, சண்டைபோட்டு விவாதித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனார்கள். எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்து பேர்பெற்ற அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து மாதிரிகளைச் செய்யத் தொடங்கியது அந்தச் சூழலில்தான். 2002இல் அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது, பெரிய இழப்பு. இங்கே நமக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் துளிர் இதழும் இருக்கின்றன. பயிற்சி மாணவர்கள் அந்த இதழின் பழைய பிரதிகளைத் தேடிப் படித்தாலே பாதி பயம் போய்விடும்.

பயம் என்றதும் ஒன்று. "குழந்தை ஏதாவது கேட்டு எனக்குத் தெரியலன்னா என்ன மேம் பண்றது?" எல்லா பேட்ச்சிலும் வரும் கேள்வி இது. எடுத்துக்காட்டாக, பகலில் நிலா ஏன் தெரிகிறது என்று ஒரு குழந்தை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். "தெரியல, நாம பார்த்துக் கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். பௌர்ணமிக்கு நான்கைந்து நாள் முன்பு, பள்ளி விடும் நேரத்தில் கிழக்குப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பௌர்ணமி முடிந்து நான்கைந்து நாள் கழித்து, காலை பிரேயர் நேரத்தில் மேற்கே. நிலா இருக்கும். வெயில் அடிக்கும்போது ஒரு எலுமிச்சம்பழத்தைக் குச்சியில் குத்தி நிலாவின் பக்கமாகக் கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நிலாவில் எந்தப் பக்கம் எவ்வளவு ஒளிர்கிறதோ, பழத்திலும் அதே பக்கம் அதே அளவு ஒளிரும். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று ஆசிரியர்களே பலர் நம்புகிறார்கள். சூரியனும் பாதி நிலாவும் ஒரே வானத்தில் தெரியும்போது நமது நிழல் அங்கே எப்படிப் போய் விழும் என்று குழந்தைகளே கேட்டுவிடுவார்கள்.

கற்பித்தல் பயிற்சிக்கு வருகிறவர்களை ஏற்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவியல் வகுப்பில் சத்தம் கேட்டால் உடனே எட்டிப்பார்த்து அடக்கிவிடாதீர்கள். முதலில் எதைப் பற்றிச் சத்தம் என்று கேளுங்கள். தட்டு காயுமா காயாதா என்ற சத்தமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்துப் போடும்போது, "இன்று எந்தக் குழந்தை நீ எதிர்பாராத விடை சொன்னது? அதற்கு நீ அடுத்து என்ன கேட்டாய்?" என்று கேட்டு, அந்த இரண்டு பதில்களையும் எழுதச் சொல்லுங்கள். நோட்டில் அதற்கு இடம் இருக்காது. பக்கத்தின் ஓரத்தில் எழுதினாலும் போதும், நாங்கள் வந்து படித்துக்கொள்கிறோம்.