படம் போட்டால் மட்டும் புரிந்துவிடாது

ஆஸ்பத்திரியில் இன்னொரு டச் ஸ்கிரீன் டோக்கன் இயந்திரம் துணி போர்த்தி மூலைக்குப் போய்விட்டது. பக்கத்தில் மேசை போட்டு ஊழியர் ஒருவர் பெயர் கேட்டுக் கேட்டுக் கையால் சீட்டு எழுதித் தருகிறார். தமிழ்நாடு-கேரள எல்லையில், குமுளி மலைப்பாதைக்கு மேலேயும் கீழேயும் இது புதிதல்ல. காரணம் கேட்டால் வருகிற பதிலும் புதிதல்ல: "இங்க உள்ள ஜனத்துக்குப் படிக்கத் தெரியாது சார். படம் போட்டும் புரிஞ்சிக்க மாட்டேங்கிறாங்க." ஜனத்தின் மேல் பழி போடாதீர்கள். எந்த வேலைக்குப் படம், எதற்கு எழுத்து, எதற்குக் குரல் என்று அந்தத் திரையைச் செய்தவர்கள் யோசிக்கவே இல்லை.

"படிக்காதவங்களுக்குப் படம் போட்டுடுங்க" என்ற நம்பிக்கைதான் திரைகளை டிசைன் செய்யும் எங்கள் தொழிலில் அதிகக் கெடுதல் செய்கிறது. படம் பொருளைக் காட்டும். செயலை, காலத்தை, 'இல்லை' என்பதை அதனால் எளிதில் காட்ட முடியாது. ஏலக்காய்த் தோட்டக் கூலிக் கணக்கு ஆப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் தொழிலாளி பார்க்க வேண்டியவை மூன்று: முன்பணம், பிடித்தம், பாக்கி. மூன்றுக்கும் என்ன படம் போடுவீர்கள்? ஒரு நாணயம், நாணயத்தோடு மேல் அம்பு, நாணயத்தோடு கீழ் அம்பு. கீழ் அம்பு என்றால் பணம் என் கைக்கு இறங்குகிறதா, என் கணக்கில் குறைகிறதா? படித்தவரே திணறுவார். வீடு படம் போட்ட பட்டனும் அப்படித்தான். முகப்புக்குத் திரும்பும் வழி அது என்று நமக்குப் பழகிவிட்டது. முதல்முறை பார்க்கும் அம்மா அதைத் தட்டினால் வீட்டு விலாசம் வரும் என்றே நினைப்பார். அவர் நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை.

உடனே ஒரு கேள்வி வரும்: சின்னம் பார்த்து ஓட்டுப் போடுகிறார்களே? நல்ல கேள்வி. கேரளத்தின் பரவூர் தொகுதியில் 1982-இல் முதன்முதலாகச் சோதித்த அந்த வாக்குப்பதிவு இயந்திரத்தை நம் தொழிலில் இருப்பவர்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். இன்றைய இயந்திரத்தில் சின்னம் தனியாக இல்லை. வேட்பாளர் பெயர் எழுத்தில் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, நேர் எதிரே நீல பட்டன். அழுத்தினால் அந்த வரிசையிலேயே சிவப்பு விளக்கு எரிகிறது, பீப் ஒலிக்கிறது, ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 வினாடி நிற்கிறது. பார்வையற்றவர் தடவிப் பார்க்க பட்டனுக்குப் பக்கத்தில் பிரெயில் எண்ணும் உண்டு. ஒரே செய்தி கண்ணுக்கும் காதுக்கும் விரலுக்கும் போகிறது. அந்தச் சின்னமும் தானாகப் புரிந்ததல்ல. வாரக்கணக்கில் சுவரிலும் மைக்கிலும் துண்டுச்சீட்டிலும் சொல்லிக் கொடுத்துப் புரிந்தது. உங்கள் ஆப்பின் ஐகானை யார் மைக் கட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆகவே ஐகான் போடுங்கள், கீழே சொல்லையும் போடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அது உதவும். பக்கத்தில் இருக்கும் மகளிடமோ கூடப் பணிபுரிபவரிடமோ "இது என்னம்மா?" என்று கேட்டால், அவர் வாசித்துச் சொல்ல அங்கே ஒரு சொல் இருக்க வேண்டும்.

குரலுக்கு வருவோம். கடையில் யுபிஐ பணம் வந்ததும் சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொல்கிறதே, அது சரியான இடத்தில் வைத்த குரல். கடைக்காரரின் கை தராசில், கண் வாடிக்கையாளரிடம். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. அதையே கொண்டுபோய்க் கூலி ஆப்பில் வைக்காதீர்கள். எடை போடும் இடத்தில் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவரின் முன்பணமும் பிடித்தமும் ஊருக்கே கேட்கலாமா? நோயாளியின் பெயரோடு நோய்ப் பிரிவையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் டோக்கன் இயந்திரமும் இதே தப்பைத்தான் செய்கிறது. எண்ணை மட்டும் கூப்பிடுங்கள், போதும்.

குரல் காற்றோடு போய்விடும், எழுத்து நிற்கும். அறுபதும் எழுபதும் ஜீப் இன்ஜின் சத்தத்தில் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் எண் எதுவானாலும் திரையிலும் பெரிதாக நிற்கட்டும். ஃபோன் வழியே பதிலளிக்கும் ஐவிஆர் என்றால் ஒரு அடுக்கில் நான்கு தேர்வுக்கு மேல் வேண்டாம். "1-ஐ அழுத்தவும், விலை நிலவரம் அறிய" என்று ஆங்கில வரிசையில் பதிவு செய்யாதீர்கள். வேலையைக் கேட்ட பிறகுதான் எந்த எண் என்று காது தேடும். எண்ணை முதலில் சொன்னால், வேலை தெரிவதற்குள் அது மறந்துவிடும். "விலை தெரிய, 1" என்பதே தமிழ்.

இந்த எல்லையில் இன்னொரு சிக்கல் உண்டு, வெளியூரில் உட்கார்ந்து டிசைன் செய்பவர்கள் இதை ஏறக்குறைய எப்போதும் தவற விடுகிறார்கள். பேசும் மொழியும் வாசிக்கும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேலே தோட்டத்து வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் கம்பம் பக்கம் தமிழில் படித்தவர்கள், அல்லது படிக்காதவர்கள். ஆந்திராவின் சித்தூர்ப் பக்கம் போனால் தமிழ் பேசித் தெலுங்கு வாசிப்பவர்களைப் பார்க்கலாம். எனவே குரல் மொழிக்கு ஒரு தேர்வு, எழுத்துக்குத் தனியாக ஒரு தேர்வு கொடுங்கள். ஃபோன் இருக்கும் இடத்தைப் பார்த்து மொழியைத் தானாக மாற்றவே கூடாது. காலையில் தமிழ்நாட்டில் ஜீப் ஏறி அரை மணி நேரத்தில் கேரளத்தில் இறங்குகிறவருக்கு ஆப் திடீரென்று வேறு எழுத்தில் திறந்தால் அவர் என்ன செய்வார்? மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள். மாற்றும் பட்டன் எல்லாத் திரையிலும் ஒரே மூலையில் இருக்கட்டும்.

ஆப்பில் தகவலை எப்படி உள்ளிடுவது என்ற விஷயத்திலும் இதே அலட்சியம்தான். மனிதர் கணினியோடு வேலை செய்யும் விதங்களை, அமெரிக்கக் கணினி அறிஞர் பென் ஷ்னைடர்மேன் ஐந்து பாணிகளாகப் பிரித்தார்: நேரடியாகத் தொட்டு நகர்த்துவது, மெனு, படிவம், கட்டளை, நாம் பேசுகிற இயல்பான மொழி. ஐந்தில் எது புதுசோ அதை எடுப்பது தேர்வாகாது. பிறந்த தேதிக்குக் காலண்டர் வைக்கிறீர்கள். 1962-இல் பிறந்தவர் 2025-இல் அதைத் திறந்து மாதம் மாதமாகப் பின்னால் போக சுமார் 750 முறை தட்ட வேண்டும். ஆண்டின் மேல் தட்டினால் பட்டியல் விரியும் என்று அவருக்கு யார் சொன்னது? நாள், மாதம், ஆண்டு என மூன்று கட்டம், கீழே எண் கீபோர்டு, அவ்வளவுதான். ஆதாரிலேயே பிறந்த ஆண்டு மட்டும் இருப்பவர்கள் உண்டு. ஆண்டு மட்டும் போட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

காய் எடைக்கு ஸ்லைடர், அதாவது விரலால் இழுத்து அளவு வைக்கும் கோடு, வைத்தவர்களுக்கு ஒரு கணக்கு. 60 மில்லிமீட்டர் கோட்டில் 100 கிலோ என்றால் ஒரு கிலோவுக்கு 0.6 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் அகல விரல் 16 கிலோவுக்கு மேல் மறைத்து நிற்கும். இதில் 18 என்று நிறுத்தச் சொல்கிறீர்கள், அதுவும் மழையில் நனைந்த விரலால். ஸ்லைடர் தோராயத்துக்கு மட்டும்தான். ஒலி அளவுக்கு வையுங்கள், கூலியைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு வைக்காதீர்கள். டோக்கனுக்கு, கேள்வி கேட்டுப் பேசும் சாட்பாட்டும் வேண்டாம். இருப்பது ஆறு பிரிவு என்றால் ஆறு பெரிய பட்டன் போடுங்கள்.

பட்டன் குறைந்தது 9 மில்லிமீட்டர். வேலை செய்யும் இடத்தில் 12-க்குக் குறைய வேண்டாம். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் 4.5:1 வேறுபாடு கட்டாயம். வெயிலில் வெள்ளைமேல் கறுப்புதான் தெரியும், கறுப்புப் பின்புலத்தை வெளியே வேலை செய்பவர் மேல் திணிக்காதீர்கள். பச்சை, சிவப்பு மட்டும் வைத்து 'ஆச்சு, ஆகவில்லை' என்று சொல்லாதீர்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். கை அசைவைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் வீடியோ, அதுவும் தானாக ஓடாமல். "சமர்ப்பிக்கவும்" சின்னத் திரையில் பாதியில் வெட்டுப்படும், "அனுப்பு" போதும். "பதிவை ரத்து செய்யவா?" என்று கேட்டுவிட்டு "சரி", "ரத்து" என்று இரண்டு பட்டன் வைப்பதைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். "அழித்துவிடு", "இருக்கட்டும்" என்று எழுதினால் யாரும் தடுமாறமாட்டார்கள்.

தட்டிய 0.1 வினாடிக்குள் பட்டன் நிறம் மாறியாக வேண்டும். மலையில் நெட்வொர்க் வரும், போகும். திரை அசையாமல் நின்றால் மறுபடி தட்டுவார்கள், ஒரே மூட்டை 18 கிலோ இரண்டு முறை ஏறிவிடும். பிறகு அந்தச் சண்டை தொழிலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவில்தான் நடக்கும், உங்களிடம் வராது. முதல் தட்டலிலேயே பட்டனைப் பூட்டுங்கள். பதிவை ஃபோனிலேயே வைத்து "இன்னும் போகவில்லை" என்று எழுதிக் காட்டுங்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன்: ஏசி அறையில் உங்கள் புது ஃபோனில் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்லாதீர்கள். கீறல் விழுந்த பழைய ஃபோன், பாதி வெளிச்சம், மதிய வெயில், ஈரக் கை, பக்கத்தில் ஓடும் ஜீப். இவற்றோடு ஐந்தாறு பேரிடம் கொடுத்து, "போன வாரப் பாக்கி எவ்வளவுன்னு பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். விரலை நீட்டிக் காட்டாதீர்கள், "அங்க இல்ல, மேல" என்று வாய் திறக்காதீர்கள். அவர் எந்தத் திரையில் நின்று உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்தத் திரையைக் குறித்துக்கொண்டு வந்து முதலில் அதை மாற்றுங்கள்.