ஜாவளிக்கு அர்த்தம் கேட்ட பிள்ளை

கொடைக்கானலில் பாட்டு வகுப்பு நடத்துவதில் குளிர்தான் பெரிய தொல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பூரா சுருதி நிற்காது, பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டும். அதைவிடப் பெரியது ஒன்று சில வருடங்களுக்கு முன், நவராத்திரி முடிந்த வாரம் வந்தது. பிளஸ் டூ மாணவி ஒருத்தியின் அம்மா, நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். “டீச்சர், பாப்பா கொலுவில பாடின தெலுங்குப் பாட்டுக்கு அர்த்தம் போன்ல பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டியெல்லாம் கைதட்டினாங்களே!”

அது ஒரு ஜாவளி, காதலைச் சொல்லும் துள்ளலான சிறு பாட்டு. இரவெல்லாம் வேறொருத்தி வீட்டில் இருந்துவிட்டு வந்தவனிடம், உதட்டில் அந்தக் காயம் எப்படி வந்தது என்று நாயகி கேட்கிறாள். அர்த்தம் கேட்ட பிள்ளையிடம் “கிருஷ்ணன் மேல பக்திம்மா” என்று சொல்லி முடித்தது நான்தான். என் குருவும் எனக்கு அப்படித்தான் சொன்னார்.

பக்தி என்பது பொய்யில்லை. ஆனால் பாதி. 17-ஆம் நூற்றாண்டின் தெலுங்குக் கவி க்ஷேத்ரய்யா, மூவகோபாலன் என்று கிருஷ்ணனைப் பாடிய பதங்களில், அதாவது நிதானமாகப் பாடும் காதல் பாட்டுகளில், நாயகிகள் படுக்கையைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். தமிழ் இதில் பின்தங்கவில்லை. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் சங்கைப் பார்த்து, மாதவனின் வாய்ச்சுவை எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். இதைக் கோயிலிலேயே பாடுகிறோம்! நம் மலைக்கும் இதில் பங்கு உண்டு. இங்கே குறிஞ்சி என்றால் 2018-இல் பூத்த நீலப்பூதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சங்கப் புலவர்களுக்கோ அது புணர்தலின் திணை. நிலம் மலை, சிறுபொழுது யாமம், பருவம் கூதிரும் முன்பனியும். கம்பளிக்குள் நாம் நடுங்கும் அதே நேரம்தான். கனம் கிருஷ்ணையரின் பைரவி ராகப் பதத்தில் ஒரு மடந்தை, குறிஞ்சியின் தெய்வமான வேலவரைத் தேடிக்கொண்டே வந்துவிடுகிறாள்.

ஆனால் காதல் வார்த்தையில் மட்டும் இருந்தால் பாட்டு எதற்கு? முத்துத்தாண்டவரின் ‘தெருவில் வாரானோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் வரமாட்டானா, என்னைச் சற்றே திரும்பிப் பார்க்கமாட்டானா, அவ்வளவுதான் கேள்வி. அதைக் கமாஸ் ராகத்தில் பாடுகிறோம். கமாஸ் ஏறும்போது ‘ரி’ என்ற ரிஷபத்தைத் தொடாது. ‘ஸ’ என்ற சட்ஜத்திலிருந்து ‘ம’ என்ற மத்யமத்துக்குத் தாவி, ‘க’ என்ற காந்தாரத்துக்குத் திரும்பி, மறுபடி மத்யமத்துக்குப் போகும். வாசல்வரை ஓடி, யாரும் இல்லை என்று ஓரடி உள்ளே வந்து, மனசு கேட்காமல் மறுபடி எட்டிப் பார்ப்பவளின் நடை அது. சுருட்டி ராகத்தில் வேறு கதை. ‘ஏதுக்கித்தனை மோடி’ (எதற்கு இத்தனை பிணக்கு) என்ற பதம் அந்த ராகம். ஏறும்போது காந்தாரமே கிடையாது. இறங்கும்போதும் மத்யமத்தின் நிழலில் ஒளிந்துகொண்டு லேசாகத் தலைகாட்டும். ஊடலுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு ஸ்வரம் நடந்துகொள்ள முடியுமா!

எல்லாவற்றுக்கும் மேல் கார்வை, ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது. பதம் விளம்ப காலத்தில், மெதுவாக, நகரும். ஒரு சொல்லை நிறுத்தி, அடுத்த சொல்லைத் தராமல் கேட்பவரைக் காக்க வைக்கும். ஆசை என்பதே காத்திருப்பதுதானே. வேகமாகப் பாடினால் பதம் செத்துவிடும். (சபாவில் கடைசிப் பத்து நிமிஷத்தில் பதத்தைத் துரத்திக்கொண்டு ஓடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.) இந்த நிதானத்தைக் காப்பாற்றித் தந்தது வீணை தனம்மாள் குடும்பம். சிருங்காரத்தை, அதாவது காதல் சுவையை, கழுவி எடுக்கவேண்டும் என்று பேச்சு கிளம்பியபோது, அதில் அழுக்கே இல்லை என்று நின்றவர் தனம்மாளின் பேத்தி, பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி.

சரி, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? சின்னப் பிள்ளைகளுக்கு நான் பதம் எடுப்பதில்லை. அவர்களுக்குக் கீதமும் கிருதியும் கொட்டிக் கிடக்கின்றன. பெரிய பிள்ளைகளுக்கு முதல் நாளே வரிக்கு வரி அர்த்தம் சொல்லிவிடுகிறேன், அம்மாவோ அப்பாவோ கூட உட்கார்ந்திருக்கும்போது. நோட்டிலும் எழுதச் சொல்கிறேன். பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாவம் (பாட்டின் உணர்ச்சி) வரவில்லை என்று ஓர் ஆசிரியர் பிள்ளையைத் தொட்டுக் காட்டத் தேவையே இல்லை. எல்லாம் குரலில் இருக்கிறது. ‘அர்த்தத்தைத் தனியாகச் சொல்கிறேன், வீட்டில் சொல்லாதே’ என்று யாராவது சொன்னால் அன்றே வகுப்பை நிறுத்துங்கள். பதம் சொல்லித்தரும் நாளில் என் வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கும். குளிருக்குச் சால்வை இருக்கிறது.

அந்த அம்மாவிடம் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேன். காபி போட்டேன். அப்புறம் அந்த ஜாவளியை ஒதுக்கிவிட்டு, அவர் முன்னாலேயே பாப்பாவுக்குத் ‘தெருவில் வாரானோ’ தொடங்கினேன், அர்த்தத்தோடு. மூன்றாவது வகுப்பில் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “அவன் திரும்பிப் பார்த்தானா இல்லையா டீச்சர்?”

அவள் அம்மா சிரித்துவிட்டார். “அதைப் பாட்டுல கேளு, பல்லவிக்கு வா” என்றேன்.