அட்டை இல்லாத திருநர் பிள்ளைக்கும் சட்டம் உண்டு

கோபி, பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் பதினாலு பதினஞ்சு வயதில் "நான் பையன் இல்லை", "நான் பொண்ணு இல்லை" என்று வாய் திறக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. "பதினெட்டு ஆகட்டும், திருநர் அடையாள அட்டை வாங்கிட்டு வா, பார்க்கலாம்." வீட்டிலும் இதையே சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்திலும் இதையே சொல்கிறார்கள். அந்தக் காத்திருப்பில்தான் படிப்பை விட்டுவிட்டு, பனியன் கம்பெனி வேலை தேடித் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில் தவறு.

2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் பிள்ளைகளுக்கு வேண்டியது 12, 13, 18 ஆகிய மூன்று பிரிவுகள். திருநர் என்பதற்காக ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, கோர்ட் உத்தரவிட்டால் தவிர. அந்த வீட்டில் இருக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு. வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் பாகுபாடு காட்டாமல் படிக்க வைக்க வேண்டும். இந்தப் பிரிவுகள் எதிலும் அட்டை என்ற பேச்சே இல்லை. ஹெட்மாஸ்டர் அட்டை கேட்டால், கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

சரி, அட்டையே வேண்டும் என்றால்? பதினெட்டு வயதுக்குள் இருப்பவருக்காகப் பெற்றோரோ காப்பாளரோதான் விண்ணப்பிக்க முடியும். சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். எந்த அப்பா அடிக்கிறாரோ அவருடைய கையெழுத்தே வேண்டியிருக்கிறது. அம்மா மனம் இளகி வந்தால் அவர் கையெழுத்து போதும், அப்பாவுக்காகக் காத்திருக்காதீர்கள்.

விண்ணப்பம் மத்திய அரசின் திருநர் இணையதளத்தில். சான்றிதழும் அடையாள அட்டையும் தருவது கலெக்டர். தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய நல வாரியத்தின் அட்டை வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பி ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்புவார்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு ஈரோட்டிலும் தங்கியிருப்பது திருப்பூரிலும் என்றால் அலைச்சல் இரட்டிப்பு. விலாசத்தை முதலில் சரி செய்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் அந்தக் கேள்வி வரும். "ஏனுங்க, ஆபரேஷன் ஆயிடுச்சுங்களா?" பிள்ளையை வைத்துக்கொண்டே, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழக் கேட்பார்கள். 2020இல் வந்த விதிகள் இந்தச் சான்றிதழுக்கு உறுதிமொழிப் பத்திரத்தைத்தான் கேட்டன. மருத்துவப் பரிசோதனை வேண்டாம் என்று அந்த விதிகளே சொல்லியிருந்தன; இப்போது நடப்பில் உள்ள விதியைப் பார்த்துவிட்டுப் போங்கள். முப்பது நாளில் கொடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு மேல்முறையீடு செய்ய முடியாது.

திருநம்பிகள் படும் பாடு தனி. பெண்ணாகப் பிறந்து ஆணாக உணரும் பிள்ளை போய் நின்றால், "இது திருநங்கைகளுக்குத்தான்மா" என்று திருப்பி அனுப்பும் ஊழியர்கள் இருக்கிறார்கள். 2019இல் வந்தபோது சட்டம் திருநம்பியையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. 

பெற்றோர் சம்மதம் கிடைத்துவிட்டால், பெயர் மாற்றத்தைப் பத்தாம் வகுப்பு நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியல், போவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். மார்க் சீட்டில் பழைய பெயர் ஏறிவிட்டால் ஒவ்வொரு இன்டர்வியூவிலும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பிள்ளைக்கு இன்னும் தெளிவு வரவில்லை என்றாலும் குற்றமில்லை. தன்னைத் தானே ஏற்றுக்கொள்ள நாள் பிடிக்கும், அந்த நாட்களை அவர்களுக்குக் கொடுங்கள். கோடாங்கியிடமும், "மாத்திக் காட்டுறேன்" என்கிற டாக்டரிடமும் கூட்டிப் போகாதீர்கள். அப்படி மாற்றப் பார்க்கும் சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை செய்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை டாக்டரின் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. தம்பி, தங்கச்சி, மெடிக்கலில் ஹார்மோன் மாத்திரை வாங்கித் தானாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆபரேஷனுக்கு முன்பணம் கேட்கும் புரோக்கரையும் நம்பாதீர்கள்.

அடிக்கிறார்கள், பூட்டி வைக்கிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. இரவிலும் எடுப்பார்கள். போலீஸ் கேலி செய்தால், திருநரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளில் 2022இல் சேர்த்ததைச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்க வேண்டாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட யாருக்கும், குடும்ப வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. கூப்பிட்டு, பிள்ளையின் வயதை முதலில் சொல்லுங்கள்.