தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி கடப்பது எப்போது, தடுக்கப்படுவது எப்படி?

கர்ப்ப காலம் முழுவதும் தாயின் இரத்தமும் சிசுவின் இரத்தமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நஞ்சுக்கொடியில் இரண்டும் மிக அருகருகே ஓடினாலும், இடையிலுள்ள மெல்லிய திசுச்சுவர் பிராணவாயுவையும் ஊட்டச்சத்தையும் கடக்கவிட்டு, பெரும்பாலான கிருமிகளைத் தடுத்து நிறுத்துகிறது. எச்ஐவி உள்ள தாய்மார்களுக்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்காத நிலையில், தாய்ப்பால் குடிக்கும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று ஏற்படுகிறது. இது பெருந்துயரம்தான். ஆயினும் எஞ்சிய குழந்தைகள் மருந்தே இல்லாமல் தப்பிவிடுகிறார்கள் என்பதால், தொற்று கடப்பதற்கென்று சில குறிப்பிட்ட தருணங்கள் இருக்கின்றன என்பது தெளிவாகிறது. அந்தத் தருணங்களைக் கண்டறிந்ததுதான் இந்நோயின் மருத்துவ வரலாற்றில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கிடைத்த மிகப் பெரிய நன்மை என்று கருதுகிறேன்.

முதல் தருணம் கர்ப்பத்தின் கடைசி வாரங்கள். மலேரியா, சிபிலிஸ் போன்ற வேறு நோய்களால் நஞ்சுக்கொடியில் அழற்சி ஏற்பட்டிருந்தால் அந்தச் சுவர் பலவீனமடைகிறது. இரண்டாவதும் மிக ஆபத்தானதுமான தருணம் பிரசவம். வலி எடுத்துக் கருப்பை சுருங்கும் ஒவ்வொரு முறையும் தாயின் இரத்தம் மிகச் சிறிய அளவில் சிசுவின் பக்கம் கசியக்கூடும். பிறப்புவழியில் இறங்கும் குழந்தையின் கண்ணிலும் வாயிலும் தாயின் இரத்தமும் சுரப்புநீரும் படுகின்றன. பனிக்குடம் உடைந்த பிறகு பிரசவம் நீளும் ஒவ்வொரு மணி நேரமும் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. மூன்றாவது தருணம், மாதக்கணக்கில் நீடிக்கும் தாய்ப்பால் காலம்.

இந்த மூன்றிலும் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே ஓர் அளவுதான்: தாயின் இரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்பது. மருந்தால் தொற்று கடப்பதைத் தடுக்க முடியும் என்பதை முதலில் ஐயமற நிறுவியது, அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்து 1994இல் வெளியான ஆய்வு. எச்ஐவி தன் மரபுப்பொருளை மனிதச் செல்லுக்குள் நகலெடுப்பதைத் தடுக்கும் ஜிடோவுடின் என்ற மருந்தைக் கர்ப்பத்திலும் பிரசவத்தின்போதும் தாய்க்கும், பிறந்தபின் 6 வாரங்கள் குழந்தைக்கும் கொடுத்தபோது, தொற்று 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அது ஏழை நாடுகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1999இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு, பிரசவ வலி தொடங்கும்போது தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை, குழந்தைக்கு 3 நாட்களுக்குள் ஒரு வேளைச் சொட்டு மருந்து ஆகியவையே தொற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. இந்தியா உட்படப் பல நாடுகள் இம்முறையைப் பல ஆண்டுகள் பின்பற்றின.

அந்த ஒற்றை மாத்திரை எண்ணற்ற குழந்தைகளைக் காத்தது. அதை மறுக்க முடியாது. எனினும் அது தாயைக் குழந்தை வந்துசேரும் வழியாக மட்டுமே கண்டது. பிரசவம் முடிந்ததும் அவளுடைய நோய் அப்படியே தொடர்ந்தது. அதோடு, ஒரு வேளை மருந்தால் முற்றிலும் அழியாத வைரஸ்களில் நெவிரபினுக்குக் கட்டுப்படாதவை பெருகின. பின்னாளில் அவளுக்கே அம்மருந்து தேவைப்பட்டபோது அது பயன்படாமல் போனது. 2011இல் மலாவி நாடு வேறு வழியைத் தேர்ந்தது. கர்ப்பிணிக்கு எச்ஐவி இருப்பது தெரிந்த உடனேயே, எச்ஐவி தாக்கி அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4 செல்களின் எண்ணிக்கையைப் பாராமல், ஆயுள் முழுவதற்கும் கூட்டு மருந்து தரத் தொடங்கியது. 2014 முதல் இந்தியாவும் அதே வழியில் செல்கிறது. இன்று தரப்படும் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் அடக்கம். தவறாமல் உட்கொள்ளும் தாயின் இரத்தத்தில், பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள், வைரஸ் சோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்நிலையில் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. தொற்றுக்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதும் இல்லை.

தாய்ப்பாலைப் பற்றிய குழப்பம் குடும்பங்களில் இன்னும் நீங்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த ஆய்வு ஒன்று 1999இல் எதிர்பாராத ஒன்றைச் சொன்னது: தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு வேறு பாலும் உணவும் கலந்து பெற்ற குழந்தைகளுக்கே தொற்று அதிகம். வெளி உணவு இளங்குடலின் உட்சுவரைப் புண்படுத்தி, பாலிலுள்ள வைரஸுக்கு வழிவிடுகிறது என்பதே இதற்குக் கூறப்படும் முதன்மை விளக்கம். ஆகவே தாய் மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டு, முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தருவதை இந்திய அரசின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. பிறந்தவுடன் சேனையோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் பாட்டிமாருக்கு, இந்தக் குழந்தைக்கு அது ஏன் கூடாது என்பதைப் பொறுமையாக எடுத்துச்சொல்ல வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படுவதற்குக் காரணம், பரிசோதனை தாமதமாவது அல்லது மருந்து நடுவில் நின்றுபோவது. மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் நம்பிக்கை மையம் எனப்படும் எச்ஐவி பரிசோதனை மையத்தில் எடுத்த சோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்த பெண்ணுக்கு, அதன் பிறகோ பாலூட்டும் காலத்திலோ கணவரிடமிருந்து புதிதாகத் தொற்று வரலாம். தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்புச்சக்தி விழித்தெழுவதற்குள் வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகுவதால், குழந்தைக்குக் கடக்கும் ஆபத்தும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. கணவரிடமிருந்து மனைவிக்கு எளிதில் தொற்றுவதற்கும் காரணம் உண்டு. உறவின்போது வைரஸுக்கு ஆட்படும் பரப்பு பெண்ணுடலில் அதிகம். விந்து அங்கே நீண்ட நேரம் தங்குகிறது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா சேகரித்த பாலியல் தொழிலாளர்களின் இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது. அதனால் இதைச் சில பெண்களின் நோய் என்றே சமூகம் நெடுங்காலம் எண்ணியது. கணவரைத் தவிர வேறு ஒருவரையும் அறியாத பெண்கள் பிரசவத்துக்கு வந்த இடத்தில் இதை அறிந்து நிலைகுலைந்தார்கள். கணவருக்கும் பரிசோதனை, மனைவிக்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் மறுபரிசோதனை ஆகிய இரண்டும் நடக்காதவரை இந்த இடைவெளி அடைபடாது.

பிறந்த குழந்தைக்கு வழக்கமான சோதனை பயன்படாது. அது தேடுவது வைரஸை அன்று, வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே இயல்பாகவே குழந்தையை அடைந்து 18 மாதங்கள் வரை தங்கக்கூடும். எனவே 6ஆம் வாரத்தில் குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தைச் சிறப்புத் தாளில் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் வைரஸின் மரபுப்பொருளே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு வயதைக் காண்பதில்லை. நோய் முற்றும்வரை காத்திராமல் உடனே மருந்து தொடங்கினால் இறப்பு 76 சதவீதம் குறைகிறது என்று தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வு 2008இல் காட்டியது. முன்பு குழந்தைகளுக்குத் தரப்பட்ட திரவ மருந்து கடும் கசப்பு. குளிர்பதனப் பெட்டியிலும் வைக்க வேண்டியிருந்தது. இப்போது பல நாடுகளில் ஸ்ட்ராபெர்ரி சுவையூட்டிய, நீரில் கரையும் டோலுடெக்ராவிர் மாத்திரை குழந்தைகளுக்குத் தரப்படுகிறது.