ஒருவர் நடந்தால் வீடு நடக்குமா?

1987-ல் மொரீஷியஸ் அரசு ஓசைப்படாமல் ஒரு காரியம் செய்தது. வீடுகள் சமையலுக்கு வாங்கிவந்த ரேஷன் எண்ணெயில் அதுவரை பெரும்பங்கு பாமாயில். அதை முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992-ல் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பெரியவர்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. சுகாதாரப் பிரசாரமும் கூடவே நடந்தது என்றாலும், இறக்கத்தில் கணிசமான பங்கு எண்ணெய்க்கே உரியது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அந்தத் தீவின் ரோஸ் ஹில் ஊரில் கறி தாளித்தவர் கொழுப்பை நினைத்துத் தாளிக்கவில்லை. சட்டியில் ஊற்றியது மாறியது, சாப்பிட்டவர்களின் இரத்தமும் மாறியது. எடை மட்டும் இறங்கவில்லை. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதானே.

கணவனையோ மனைவியையோ உடற்பயிற்சிக்கு இழுக்க நினைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். ஒரு வீட்டில் பழக்கம் வாய் வழியே பரவுவதைவிட, பொதுவாகப் புழங்கும் பொருள்கள் வழியே அதிகம் பரவுகிறது. ஒரே சட்டி, ஒரே சாப்பாட்டு நேரம், ஒரே வாசல்.

பரவுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 3,722 தம்பதிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2015-ல் வெளியானது. உடலுழைப்பே இல்லாத கணவர்களில், மனைவி உடலுழைப்பைத் தொடங்கிய வீடுகளில் 67 விழுக்காட்டினர் தாமும் தொடங்கினார்கள். மனைவியும் உட்கார்ந்தே இருந்த வீடுகளில் 26 விழுக்காடுதான். மனைவியர் பக்கமும் ஏறக்குறைய இதே கணக்கு. 2018-ல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு சோதனையில் 130 தம்பதிகள். ஒருவருக்கு மட்டுமே எடைக்குறைப்புத் திட்டம். எந்தத் திட்டமும் பெறாத மற்றவரில் மூன்றில் ஒரு பங்கினர் ஆறு மாதத்தில் தம் எடையில் 3 விழுக்காடோ அதற்கு மேலோ இழந்திருந்தார்கள். இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. முதல் ஆய்வில் இருவரையும் ஒரே நாளில் ஒரே மருத்துவர் பயமுறுத்தியிருக்கலாம். இருந்தாலும் வித்தியாசம் பெரிது.

எப்படிப் பரவுகிறது? ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1960-களிலிருந்து சொல்லிவந்தது: மனிதர்கள் பார்த்துக் கற்கிறார்கள். ஆனால் யாரைப் பார்த்து என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. திணறாமல் செய்துமுடிப்பவரைவிட, திணறி, சமாளித்து, மறுநாளும் வருபவர்தான் பார்ப்பவருக்கு “என்னாலும் முடியும்” என்ற எண்ணத்தைத் தருகிறார். விடிகாலை நாலரைக்கு எழுந்து பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு வரும் கணவர் வீட்டில் ஒரு காட்சிப்பொருள், அவ்வளவே. “முட்டி வலிக்குது, இன்னிக்குப் பத்து நிமிஷந்தான்” என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் நடப்பவரைத்தான் பின்பற்ற முடியும்.

சொல்லித் திருத்துவது ஏன் பலிப்பதில்லை என்பதை ஜாக் பிரெம் 1966-ல் விளக்கினார். தன் சுதந்திரத்தில் யாரோ கை வைக்கிறார்கள் என்று தோன்றியதும் மனசு எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ளும். “வயித்தப் பாரு” என்றதும் காத்தோ பிமாங் என்ற பருப்பு வடை குறைந்துவிடாது. வேலை முடிந்து வரும் வழியில், பேருந்து நிறுத்தத்தில், யாருக்கும் தெரியாமல் உள்ளே போகும்.

ஆகவே முதல் நான்கு வாரம் யாரையும் கூப்பிட வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்த அரைமணிக்குள், தினமும் ஒரே நேரத்தில், 15 நிமிட நடை. அந்த நேரத்துக்கு உடலியல் காரணம் இருக்கிறது: கால் தசை சுருங்கும்போது அதிலுள்ள சர்க்கரை வாயில்கள் இன்சுலின் இல்லாமலேயே திறந்து, சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை உறிஞ்சுகின்றன. பெரியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் நம் மொரீஷியஸ் தீவில் இது சின்ன லாபமில்லை. வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 காலடி. பேச வரவேண்டும், பாட வரக்கூடாது. காலணியை அலமாரியில் ஒளிக்காமல் வாசலில், எல்லோரும் தாண்டிப் போகும் இடத்தில் வையுங்கள். அது தினமும் இரண்டு முறை கண்ணில் படுவதே ஒரு பேச்சு.

பழக்கம் ஊற 21 நாள் போதும் என்பார்கள். 2010-ல் லண்டனில் 96 பேரை வைத்து அளந்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த நாள்களின் இடைநிலை 66. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்ற கணிப்பு. ஒரு நாள் தவறியதால் பெரிய சேதமில்லை என்றும் தெரிந்தது. ஜனவரியில் புயல் எச்சரிக்கை வந்து இரண்டு நாள் கதவடைத்துக் கிடந்தால் கணக்கைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டாம்.

ஐந்தாவது வாரம் அழைக்கலாம். “நீயும் உடம்பைக் குறை” என்றல்ல, “கடை வரைக்கும் வர்றியா?” என்று, இடமும் தூரமும் தெரிகிற மாதிரி. மறுத்தால் ஒரு வார்த்தை பேசாமல் தனியே போய்விட்டு வாருங்கள்.

பெரும்பாலும் இங்கேதான் வண்டி குடை சாய்கிறது, அதுவும் சோம்பலால் அல்ல. ஒருவர் நடக்கப் போகும் அரைமணியில் பாத்திரம் கழுவுவது யார்? பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பது யார்? வியர்வைச் சட்டையைத் துவைப்பது யார்? இந்த மூன்றுக்கும் ஒரே ஆள்தான் விடை என்றால், உங்கள் உடற்பயிற்சி அவருக்கு முன்மாதிரி அல்ல, கூடுதல் வேலை. நடப்பதற்கு முன் நீங்கள் பாத்திரம் கழுவிவையுங்கள். எந்த அறிவுரையையும்விட அந்த இருபது நிமிடம்தான் அவரை வாசலுக்குக் கொண்டுவரும்.

இருவரும் கிளம்பியதும் அடுத்த சிக்கல் வேகம். 1920-களில் பெர்லினில் ஓட்டோ கோலர் படகோட்டிகளை வைத்துச் சோதித்தார்: தனியாகப் பாரம் தூக்குவதைவிட ஜோடியாகத் தூக்கும்போது, பலம் குறைந்தவர் தன் வழக்கமான எல்லையைத் தாண்டினார். தான் விட்டால் ஜோடியின் தூக்கலே நின்றுவிடும் அல்லவா. ஆனால் இருவரின் பலத்தில் மிதமான இடைவெளி இருந்தபோதுதான் இது நன்றாக வேலை செய்தது. இடைவெளி மிக அதிகமானால் அந்த ஊக்கம் வடிந்துவிடும். எனவே ஜோடி நடையின் வேகத்தை மெதுவானவர் தீர்மானிக்கட்டும். வேகமானவருக்குத் தினவு தீரவில்லையென்றால் முன்கூட்டியே தனியாக 15 நிமிடம் நடந்துவிட்டு வரலாம், பையைத் தூக்கிக்கொள்ளலாம். வட்டப்பாதை இதற்கு மிக வசதி. கியூர்பிப்பில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலைவாயைச் சுற்றும் பாதையில் ஒருவர் உட்கார்ந்துகொண்டாலும் மற்றவர் ஒரு சுற்று முடித்து அதே இடத்துக்கு வந்துவிடுவார். ‘லே பூஸ்’ மலை, 812 மீட்டர், முதல் மாதத்துக்கு வேண்டாம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே பாரம் தாங்குவதால் பழகாதவருக்கு இரண்டு நாள் படி இறங்க முடியாது. அதற்குப் பிறகு அவர் வரமாட்டார்.

வாரத்துக்கு 150 நிமிட மித உழைப்பு என்பது உலகச் சுகாதார அமைப்பு சொல்லும் குறைந்த அளவு. அதோடு இரண்டு நாள் தசைப்பயிற்சி. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது 8 முறை, சுவரில் கையூன்றித் தள்ளுவது 8 முறை, இரண்டு சுற்று. தொலைக்காட்சி முன்னாலேயே செய்யலாம். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் தேவை. அவர்களுக்கு உடற்பயிற்சியைத் தண்டனையாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

எடை இயந்திரத்தைப் பொதுவாக வைத்துப் போட்டி போடுவது நல்ல யோசனை போலத் தெரியும். தசை அதிகமுள்ள ஆண்களுக்கு எடை பெரும்பாலும் சீக்கிரம் இறங்கும். ஒரே சாப்பாடு, ஒரே நடை, அவருக்கு மூன்று கிலோ, எனக்கு ஒன்றா என்று மனைவி கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. தையல் நாடாவால் அவரவர் இடுப்பை அவரவர் அளக்கட்டும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை விட்டபின். தெற்காசிய உடல்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 எச்சரிக்கைக் கோடு.

இன்சுலினோ கிளிக்ளசைட் வகை நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டும்; நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். சட்டைப்பையில் மூன்று நான்கு குளுக்கோஸ் மாத்திரை, வீடு திரும்பியதும் பாதத்தில் கொப்புளம் உண்டா என்று ஒரு பார்வை. நெஞ்சில் இறுக்கம் வந்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. ஓய்ந்தும் அடங்காவிட்டால் உடனே மருத்துவமனை.

இனிச் சட்டி. தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தைப் பாருங்கள். காவடி எடுப்பவர் ஒருவராக இருந்தாலும் பல வீடுகளில் கவுச்சி அடுப்பேறாது. அந்தப் பத்து நாளும் மற்றவர்கள் யாரும் தியாகம் செய்வதாக நினைப்பதில்லை, சமைத்ததைச் சாப்பிடுகிறார்கள். அந்த ஒரு பானைத் தர்க்கத்தைச் சாதாரண நாளுக்கும் கொண்டுவரலாம். நாலு பேர் உள்ள வீட்டில் திங்கள்கிழமை 600 மில்லிலிட்டர் எண்ணெயைத் தனிப் புட்டியில் ஊற்றிவையுங்கள், ஞாயிறு வரைக்கும் அவ்வளவுதான். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 21 மில்லி, ஏறத்தாழ 175 கலோரி. புதன்கிழமை பொரித்தால் சனிக்கிழமை தெரியும். வாரத்தில் இரண்டு நாள் பிரெட் முரும், அதாவது நம் முருங்கைக்கீரை, பருப்போடு.

அந்த இங்கிலாந்துக் கணக்கிலேயே, மனைவி தொடங்கியும் அசையாத கணவர்கள் மூன்றில் ஒருவர். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் ஆறு மாதம் கழித்தும் நாற்காலியிலேயே இருக்கலாம். அவருடைய தட்டுக்கும் அதே புட்டியிலிருந்துதான் எண்ணெய் போகிறது.